தெருவில் கேட்கும் குரல், மேசையில் கேட்காத குரல்: அமைதிப் பேச்சுகளில் பெண்கள்

ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் தீர்மானத்துக்கு 2025 அக்டோபரோடு 25 ஆண்டு நிறைந்தது. போரை முடித்துவைக்கும் பேச்சுகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று சபை ஒருமனதாகச் சொன்ன தீர்மானம் அது. ஆனால் 1992 முதல் 2019 வரை நடந்த முக்கிய அமைதிப் பேச்சுகளை ஐ.நா. மகளிர் அமைப்பு எண்ணிப் பார்த்தபோது, பேச்சாளர்களில் பெண்கள் சராசரியாக 13 விழுக்காடுதான். இரு தரப்புக்கும் இடையே சமரசம் பேசும் நடுவர்களிலும், உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களிலும் 6 விழுக்காடு. அதே காலத்தில் பல நாடுகளில் போரை எதிர்த்தும், காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் கேட்டும் தெருவில் முன்வரிசையில் நின்றவர்கள் பெண்கள்.

இந்த முரணுக்கு இரண்டு ஆயத்த பதில்கள் சொல்லப்படுகின்றன. "ஆணாதிக்கம், வேறென்ன?" என்பது ஒன்று. "பெண்களுக்கு அரசியலில் ஆர்வம் குறைவு" என்பது இன்னொன்று. இரண்டாவது தவறு. முதலாவது உண்மை, ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், சில நாடுகளில் மட்டும் கதவு எப்படித் திறந்தது என்பது விளங்காது. அதை விளங்கிக்கொள்ள, பார்க்கச் சலிப்பூட்டும் ஒரு விஷயத்துக்குள் போக வேண்டும்: நடைமுறை விதிகள். யாருக்கு நாற்காலி, நிகழ்ச்சி நிரலில் என்ன, எது குற்றம் என்று எழுதுவது யார் என்ற மூன்று கேள்விகளில்தான் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது.

## முதலில் சில சொற்கள்

1. போர்நிறுத்தம்: துப்பாக்கிகள் ஓய்வது மட்டும். போருக்கான காரணம் அப்படியே இருக்கும்.

2. அமைதி உடன்படிக்கை: அதிகாரப் பகிர்வு, ஆயுதக் களைவு, தேர்தல், நிலம், கைதிகள் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திடுவது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு யார் எந்தப் பதவியில் இருப்பார்கள் என்பதையே பல நேரம் இந்தத் தாள்தான் முடிவு செய்கிறது.

3. நிலைமாறுகால நீதி: போரிலிருந்தோ கொடுங்கோலாட்சியிலிருந்தோ ஒரு நாடு வெளியே வரும்போது, நடந்த குற்றங்களுக்குப் பொறுப்புக்கூற வைக்கும் ஏற்பாடுகள். உண்மை ஆணைக்குழு, வழக்கு, இழப்பீடு, மீண்டும் நிகழாதிருக்க வழிசெய்தல் ஆகிய நான்கும் இதில் அடங்கும்.

4. பொதுமன்னிப்பு: "இனி வழக்கு இல்லை" என்ற சட்டப் பாதுகாப்பு. ஆயுதத்தைக் கீழே வைப்பதற்கு விலையாக இரு தரப்பும் கேட்பது இதைத்தான். அமைதியும் நீதியும் மோதிக்கொள்ளும் இடமும் இதுதான்.

## நாற்காலி யாருக்கு?

நடுவரின் தர்க்கம் எளிமையானது. யார் சுடுவதை நிறுத்தினால் போர் நிற்குமோ அவரைக் கூப்பிட வேண்டும். விட்டுவிட்டால் உடன்படிக்கையைக் குலைக்கக்கூடியவரையும் கூப்பிட வேண்டும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் விளைவைக் கவனியுங்கள்: ஒருபோதும் துப்பாக்கி எடுக்காதவரிடம் பேரத்தில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. வன்முறைதான் நுழைவுச் சீட்டு. அதை வைத்திராத ஆண்களும் வெளியேதான் நிற்கிறார்கள். பெண்கள் அதிகமாக நிற்கிறார்கள்.

இது புதிய பிரச்சினை அல்ல. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915 ஏப்ரலில், போரிடும் நாடுகளையும் நடுநிலை நாடுகளையும் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேக் நகரில் கூடினார்கள். அமெரிக்கச் சமூக சேவகர் ஜேன் ஆடம்ஸ் தலைமை தாங்கினார். பிரிட்டனிலிருந்து வரவிருந்தவர்களில் பெரும்பாலோர் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டு, கடல்வழியும் மூடப்பட்டதால் வந்துசேரவில்லை. நடுநிலை நாடுகள் தொடர்ந்து சமரசம் பேச வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு தலைநகர் தலைநகராகப் போய் ஆட்சியாளர்களைச் சந்தித்தார்கள். மரியாதையாக வரவேற்பு கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை. 1919இல் வெர்சாய் உடன்படிக்கையின் நிபந்தனைகள் அடுத்த பகைக்கு வித்திடும் என்று முதலில் எச்சரித்தவர்களில் இவர்களும் அடக்கம்.

## 1325 என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

தீர்மானம் 2000 அக்டோபர் 31 அன்று நிறைவேறியது. அப்போது சபைக்குத் தலைமை வகித்தது நமீபியா. தீர்மானத்தின் உள்ளடக்கத்தை நான்கு தூண்களாகப் பிரித்துச் சொல்வது வழக்கம்: பங்கேற்பு, பாதுகாப்பு, தடுப்பு, நிவாரணமும் மீள்கட்டமைப்பும். பின்னர் வந்த 1820 (2008) போன்ற தீர்மானங்கள், போரில் பாலியல் வன்முறையை ஓர் உத்தியாகப் பயன்படுத்துவதை உலக அமைதிக்கான அச்சுறுத்தலாகவே பார்த்தன. போரோடு சேர்ந்து நடந்துவிடும் துர்ப்பாக்கியம் என்று அதைத் தள்ளிவிட இனி முடியாது.

சொல்லாமல் விட்டவை முக்கியம். எத்தனை விழுக்காடு என்ற எண் இல்லை. மீறினால் தண்டனை இல்லை. ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ், அதாவது தடை விதிக்கவும் படை அனுப்பவும் வழிசெய்யும் அத்தியாயத்தின் கீழ், அது கொண்டுவரப்படவில்லை. நிறைவேற்றுவதை நாடுகளின் தேசியச் செயல்திட்டங்களிடம் விட்டுவிட்டது. 2005இல் டென்மார்க் முதலில் எழுதியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிடம் அப்படி ஒரு ஆவணம் இருக்கிறது. ஆவணம் இருக்கிறது என்பதைத் தாண்டி எதையும் அதிலிருந்து ஊகித்துவிட முடியாது.

இதனால்தான் 2020 பிப்ரவரியில் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்திட்ட உடன்படிக்கை ஆப்கன் பெண்கள் யாரும் மேசையில் இல்லாமலேயே முடிந்தது. அது எந்தச் சட்டத்தின்படியும் செல்லாததாகிவிடவில்லை. சில மாதம் கழித்து ஆப்கன் அரசு அனுப்பிய பேச்சுக்குழுவில் பெண்கள் இருந்தார்கள். ஆனால் வெளிநாட்டுப் படைகள் எப்போது வெளியேறும் என்ற பெரிய துருப்புச்சீட்டு அதற்குள் கைமாறிவிட்டிருந்தது.

## விதி திறந்த இடங்கள்

வட அயர்லாந்து இதற்கு மிகத் தெளிவான பாடம். கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சமூகங்களைப் பிளந்திருந்த மோதலை முடிக்க, 1996இல் பலகட்சிப் பேச்சுக்கான பிரதிநிதிகளைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்க முடிவானது. தொகுதி இடங்கள் போக, மொத்த வாக்குகளில் முதல் பத்து இடம் பிடிக்கும் கட்சிகளுக்குத் தலா இரண்டு இடம் கூடுதலாகத் தரப்படும் என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. துணைப்படைகள் எனப்படும் ஆயுதக் குழுக்களுக்கு நெருக்கமான சிறு கட்சிகள் வெளியே நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்த ஓட்டையைக் கத்தோலிக்கரான மோனிகா மெக்வில்லியம்ஸும் புராட்டஸ்டன்ட்டான பேர்ல் சேகரும் கண்டுகொண்டார்கள். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது பெண்கள் கூட்டணி என்ற கட்சி பிறந்தது. கிடைத்தது சுமார் ஒரு விழுக்காடு வாக்கு. அது போதுமாக இருந்தது. இருவரும் மேசைக்குப் போனார்கள்.

அவையில் அவர்கள் பேச எழுந்தபோது மாடு கத்துவதுபோலக் கத்தி ஏளனம் செய்த அரசியல்வாதிகள் உண்டு. ஆனால் 1998 ஏப்ரல் 10 அன்று எட்டப்பட்ட பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கையில் பாதிக்கப்பட்டோரின் உரிமை, இரு சமயப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள், கலந்து வாழும் குடியிருப்புகள், குடிமக்கள் மன்றம் ஆகியவை இடம்பிடித்ததில் இவர்கள் பங்கு பெரிது. இவற்றில் எதுவும் குறுகிய பொருளில் பெண்கள் பிரச்சினை அல்ல. ஆயுதக் களைவிலும் எல்லையிலும் மூழ்கியிருந்த பெரிய கட்சிகள் எழுத மறந்த பக்கங்கள் அவை.

எதிர்ப்புறத்தில் மணிப்பூரை வைத்துப் பாருங்கள். ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து இரோம் சர்மிளா 2000 நவம்பர் முதல் 2016 ஆகஸ்ட் வரை, ஏறக்குறைய 16 ஆண்டு, உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினார். மூக்குக்குழாய் வழியே உணவு செலுத்தி அரசு அவரை உயிரோடு வைத்திருந்தது. 2017 சட்டமன்றத் தேர்தலில் முதல்வரை எதிர்த்து நின்ற அவருக்கு விழுந்த வாக்கு 90. போராட்டத்தை முடித்த விதத்தில் உள்ளூரில் பலருக்கு மனத்தாங்கல் இருந்தது உண்மை. ஆனாலும் அதிக வாக்கு வாங்கியவருக்கே எல்லாம் என்ற தேர்தல் முறையில், தெருவில் சம்பாதித்த மதிப்பு இடமாக மாறாது. விகிதாசார வாசல் ஒன்று இருந்ததால் வட அயர்லாந்தில் ஒரு விழுக்காடு போதுமாக இருந்தது.

சோமாலியாவில் இன்னொரு வகை. 2000ஆம் ஆண்டு பக்கத்து நாடான ஜிபூட்டியின் ஆர்த்தா நகரில் நடந்த அமைதி மாநாட்டில் இடங்கள் ஐந்து குலப் பிரிவுகளுக்கென்று குலவாரியாகப் பிரிக்கப்பட்டன. குலத்தின் பெயரால் பேசுபவர் ஆண். பெண்ணோ பிறந்த குலம் ஒன்று, புகுந்த குலம் ஒன்று என்று இரண்டு பக்கமும் சொந்தம் உள்ளவள். எந்தப் பக்கத்துக்கும் பிரதிநிதி அல்ல. ஆஷா ஹாஜி எல்மியும் தோழிகளும் விதியை எதிர்த்து மன்றாடவில்லை. "நாங்கள் ஆறாவது குலம்" என்று அறிவித்து, குலத்துக்குரிய பங்கைக் கேட்டார்கள். இடைக்கால அவையில் பெண்களுக்கு 25 இடம் ஒதுக்கப்பட்டது.

லைபீரியாவின் கதை பலருக்கும் தெரிந்தது. உள்நாட்டுப் போரை நிறுத்தக் கோரி 2003இல் லேமா போவீ தலைமையில் கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்கள் வெள்ளை உடையில் தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தையருகே வெயிலிலும் மழையிலும் அமர்ந்தார்கள். கானாவின் அக்ராவில் பேச்சு வாரக்கணக்கில் இழுபட்டபோது, அரங்கின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து பேச்சாளர்களை வெளியேவிடாமல் மறித்தார்கள். கைதுசெய்ய வந்தபோது போவீ உடைகளைக் களையத் தொடங்கினார். தாய்க்குச் சமமானவளின் நிர்வாணம் பார்ப்பவனுக்குச் சாபம் என்ற நம்பிக்கை காவலர்களைப் பின்வாங்க வைத்தது. ஆகஸ்ட் 18 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது பாதிக் கதை. மறியல் செய்தவர்கள் வாசலில் இருந்தார்கள். அமைச்சுகளை யார் யாருக்கு என்று பங்கிட்டது உள்ளே இருந்தவர்கள். போர்க்குற்ற நீதிமன்றத்துக்கான அலுவலகத்தை அமைக்க ஆணை பிறந்ததே 2024இல்தான்.

இலங்கையில் வேறொரு வடிவம் முயன்று பார்க்கப்பட்டது. நோர்வேயின் அனுசரணையில் அரசும் விடுதலைப் புலிகளும் பேசிக்கொண்டிருந்தபோது, 2002 டிசம்பரில் பால்நிலை (பாலின) விவகாரங்களுக்கான உபகுழு ஒன்று அமைக்க முடிவானது. தரப்புக்கு ஐவர், மொத்தம் பத்துப் பெண்கள். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். போரின் இருபுறமும் இருந்த பெண்கள் மீள்குடியேற்றம், வாழ்வாதாரம், பாதுகாப்பு பற்றி ஒரே அறையில் பேசியது சிறிய விஷயமல்ல. ஆனால் முதன்மைப் பேச்சில் நாற்காலி இல்லாத, அதற்குப் பரிந்துரை மட்டும் செய்யக்கூடிய குழு அது. ஏப்ரலில் முதன்மைப் பேச்சு நின்றது. உபகுழுவும் அதோடு போனது.

கொலம்பியா இந்தக் குறையை ஓரளவு சரிசெய்தது. அரசுக்கும் ஃபார்க் கிளர்ச்சிப்படைக்கும் 2012இல் பேச்சு தொடங்கியபோது முழு அதிகாரம் பெற்ற பேச்சாளர்களில் பெண்கள் இல்லை. 2013இல் பெண்கள் அமைப்புகள் தலைநகரில் தேசிய மாநாடு கூட்டி நெருக்கடி கொடுத்த பிறகு அரசுத் தரப்பில் இரு பெண்கள் நியமிக்கப்பட்டார்கள். 2014இல் பால்நிலை உபகுழு வந்தது. அதே ஆண்டு பாதிக்கப்பட்டோர் 60 பேர் ஐந்து குழுக்களாக, பேச்சு நடந்த கியூபத் தலைநகர் ஹவானாவுக்கு அழைக்கப்பட்டு, குற்றம் செய்த தரப்புகளின் முகத்துக்கு நேரே பேசினார்கள். 2016 உடன்படிக்கையில் பாலியல் வன்முறைக்குப் பொதுமன்னிப்பு கிடையாது என்று எழுதப்பட்டது. எதிர்விளைவும் இருந்தது: அக்டோபர் பொதுவாக்கெடுப்பில் 50.2 விழுக்காட்டினர் உடன்படிக்கையை நிராகரித்தார்கள். "குடும்பத்தைச் சிதைக்கும் பாலினக் கொள்கை உள்ளே இருக்கிறது" என்ற பிரசாரம் அதற்கு ஒரு காரணம். திருத்திய உடன்படிக்கையில் அந்தச் சொல்லாடல் மாற்றி எழுதப்பட்டது.

## நீதிமன்றக் கதவு

மேசையில் இடம் கிடைக்காதவர்கள் சட்டத்தின் வழியே போன கதைகள் இன்னும் சுவாரசியமானவை. அர்ஜென்டினாவிலிருந்து தொடங்கலாம்.

1976இல் ஆட்சியைப் பிடித்த இராணுவம் ஆயிரக்கணக்கானவர்களைக் கடத்திக் காணாமல் ஆக்கியது. 1977 ஏப்ரல் 30 முதல் தாய்மார்கள் புவனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடங்கள் என்று காவல்துறை விரட்டியதால் வட்டமாக நடந்தார்கள். அது வாராந்தர ஊர்வலமானது. தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான அசுசேனா விய்யாஃப்ளோர் அதே டிசம்பரில் கடத்திக் கொல்லப்பட்டார். அவரது எச்சங்கள் அடையாளம் காணப்பட்டது 2005இல்.

மக்களாட்சி திரும்பிய பிறகு 1986, 1987இல் வந்த இரு சட்டங்கள் வழக்குகளை முடக்கின. தளபதிகளுக்கு அதிபரின் மன்னிப்பும் கிடைத்தது. ஆனால் ஒரு குற்றத்தை அந்தச் சட்டங்கள் காப்பாற்றவில்லை: கைதாகியிருந்த கர்ப்பிணிகளின் பிள்ளைகளைப் பிறந்ததும் பறித்து வேறு குடும்பங்களுக்குக் கொடுத்த குற்றம். பறிக்கப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் அமைப்பு அந்த இடுக்கைப் பிடித்துக்கொண்டது. ஒரு சிக்கல் இருந்தது. பெற்றோர் இருவரும் காணாமல்போன பிறகு பிள்ளை யாருடையது என்று எப்படி நிரூபிப்பது? பாட்டிகள் விஞ்ஞானிகளைத் தேடிப்போனார்கள். அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் உள்ளிட்டோர், பாட்டன் பாட்டியின் இரத்தத்தோடு பேரப்பிள்ளையின் இரத்தத்தை ஒப்பிட்டு உறவை நிறுவும் முறையை உருவாக்கினார்கள். 1987இல் தேசிய மரபணு வங்கி சட்டப்படி அமைந்தது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் தம் பிறப்பை அறிந்திருக்கிறார்கள். மன்னிப்புப் பெற்றிருந்த முன்னாள் சர்வாதிகாரி விடேலா 1998இல் மீண்டும் கைதானது இந்தக் குற்றத்துக்காகத்தான். 2012இல் 50 ஆண்டு தண்டனை. முடக்கிய சட்டங்களையும் 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது.

இரண்டாவது கதை ருவாண்டா தொடர்பானது. தாபா என்ற ஊரின் மேயர் அகயேசு மீது, அந்நாட்டின் 1994 இனப்படுகொலையை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயம் 1996இல் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் பாலியல் வல்லுறவு இல்லவே இல்லை. விசாரணையின்போது ஒரு சாட்சி, வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கையில், தன் சிறுமகளுக்கு நடந்ததைச் சொன்னார். அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி, டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை. அவர் அதை விடவில்லை, கேள்விகளைத் தொடர்ந்தார். மேலும் சாட்சியங்கள் வந்தன, பெண்கள் அமைப்புகளும் வலியுறுத்தின, 1997இல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 தீர்ப்பு, ஓர் இனத்தை அழிக்கும் நோக்கில் நடக்கும் வல்லுறவும் இனப்படுகொலையே என்று முதன்முறையாகச் சொன்னது. நூரம்பர்க் தீர்ப்பாயத்தின் சாசனம் வல்லுறவைக் குறிப்பிடக்கூட இல்லை என்பதை நினைத்தால் இந்தத் தூரம் புரியும்.

அடுத்து குவாத்தமாலா. செப்பூர் சர்க்கோ இராணுவ முகாமில் 1980களில் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்ட கெக்சி பழங்குடிப் பெண்கள் 11 பேர், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சொந்த நாட்டு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். 2016இல் இருவருக்கு 120, 240 ஆண்டுச் சிறைத்தண்டனை.

## "தாய்" என்ற தகுதி

இந்த எல்லாப் போராட்டங்களிலும் தாய் என்ற அடையாளம் கேடயமாக நின்றிருக்கிறது. தாயைச் சுடத் தயங்குவார்கள்; தாய் கேட்பதை அரசியல் என்று ஒதுக்க முடியாது. 2004 ஜூலை 15 அன்று இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் மணிப்பூர்ப் பெண்கள் பன்னிருவர் நிர்வாணமாக நின்று "இந்திய இராணுவமே, எங்களையும் வல்லுறவு செய்" என்ற பதாகையை ஏந்தியபோது, அதன் அதிர்ச்சிக்குக் காரணம் அவர்கள் அன்னையர் என்பதுதான். அங்கே முகாமிட்டிருந்த அசாம் ரைஃபிள்ஸ் படை அந்த ஆண்டே கோட்டையைக் காலிசெய்தது. சிறப்பு அதிகாரச் சட்டம் இம்பால் நகராட்சிப் பகுதியில் விலக்கப்பட்டது.

கேடயமே சில நேரம் கூண்டாகவும் ஆகிறது. தாயாகப் பேசுபவரிடம் கண்ணீரைத்தான் எதிர்பார்க்கிறார்கள்; அரசியலமைப்பு பற்றிய கருத்தை அல்ல. சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள், சட்டம் எழுதக் கூப்பிட மாட்டார்கள். இலங்கையின் வடகிழக்கில் 2017 பிப்ரவரி முதல் தொடர் போராட்டம் நடத்திய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் முன்வைத்தவை துல்லியமான கோரிக்கைகள்: சரணடைந்தவர்களின் பட்டியல், தடுப்பு முகாம்களின் விவரம், சர்வதேச விசாரணை. செய்திகளில் மிஞ்சியது அழும் முகங்கள். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக "காணாமை" சான்றிதழ் வழங்கும் வழி 2016இல் சட்டத்தில் வந்தது. சொத்து, வங்கிக்கணக்கு, உதவித்தொகை போன்ற விஷயங்களில் அது பயன்படும். ஆனால் என்ன நடந்தது என்ற கேள்விக்கு அது பதில் அல்ல என்பதால் அதை வாங்க மறுத்த குடும்பங்கள் பல.

பெண்கள் இயல்பிலேயே அமைதியானவர்கள் என்ற வாதமும் இதே வகை. புலிகளிலும், கொலம்பியாவின் ஃபார்க்கிலும் பெண்கள் ஆயுதம் ஏந்திப் போரிட்டார்கள். லைபீரியாவின் அதிபராகி நோபல் பரிசு பெற்ற எலன் ஜான்சன் சர்லீஃபையே, போரின் தொடக்கத்தில் கிளர்ச்சித் தலைவர் சார்ல்ஸ் டெய்லரை ஆதரித்ததற்காக முப்பது ஆண்டு பதவியிலிருந்து விலக்க வேண்டும் என்று அந்நாட்டு உண்மை ஆணைக்குழு 2009இல் பரிந்துரைத்தது. பெண்களுக்கு இடம் வேண்டும் என்பதற்குக் காரணம் அவர்கள் நல்லவர்கள் என்பதல்ல. முடிவு அவர்கள் வாழ்க்கையையும் பற்றியது என்பது.

## 35 விழுக்காடு என்ற எண்

பெண்கள் பங்கேற்றால் உடன்படிக்கை 15 ஆண்டு நீடிக்கும் வாய்ப்பு 35 விழுக்காடு கூடும் என்ற வரி எங்கும் சுற்றுகிறது. 1325 பற்றிய 2015ஆம் ஆண்டு உலக ஆய்வறிக்கை வழியாகப் பரவிய கணக்கு அது. கவனமாகக் கையாள வேண்டியது. பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் அளவுக்குத் திறந்த மனம் உள்ள பேச்சுகள், அந்தத் திறந்த மனத்தாலேயே நீடித்திருக்கலாம். அப்படியானால் எது காரணம், எது விளைவு? சாட்சியாகக் கையெழுத்திட்டவரும் முழுப் பேச்சாளரும் ஒரே கணக்கில் வருகிறார்கள். பங்கேற்பு மொத்தமாகவே குறைவு என்பதால் ஒப்பிடக் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளும் குறைவு. இந்த எண்ணின் மேல் முழுக் கட்டடத்தையும் எழுப்புவது இயக்கங்களுக்கே ஆபத்து: நாளை வேறோர் ஆய்வு 5 விழுக்காடு என்றால் உரிமையும் சுருங்கிவிடுமா?

## அடுத்த பேச்சுச் செய்தியில் எதைப் பார்ப்பது?

1. பெண்கள் எத்தனை பேர் என்பதற்கு முன், எந்தத் தகுதியில் வந்தார்கள்? பேச்சாளர், ஆலோசகர், பார்வையாளர் மூன்றும் வேறு வேறு.

2. யார் நியமித்தார்கள்? கட்சி அனுப்பிய பெண் கட்சியின் நிலைப்பாட்டைத்தான் பேசுவார். இயக்கத்திலிருந்து வந்தவருக்கு வெளியே பதில் சொல்ல ஒரு கூட்டம் இருக்கும்.

3. எந்தக் கட்டத்தில் வந்தார்கள்? நிகழ்ச்சி நிரல் முடிவான பிறகு வருபவர் திருத்தம்தான் சொல்ல முடியும்.

4. பொதுமன்னிப்புப் பிரிவில் எவை விலக்கப்பட்டிருக்கின்றன? அர்ஜென்டினாவில் எல்லாம் தொங்கியது அந்த ஓர் இடுக்கில்தான். கொலம்பியாவில் பாலியல் வன்முறை பற்றிய தனிப் பெருவழக்கு திறக்கப்பட்டது உடன்படிக்கைக்கு ஏழு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பரில். விலக்கு எழுதப்படாமல் இருந்திருந்தால் அதற்கு வழியே இருந்திராது.

5. புதிய அமைப்பு ஒன்றை உடன்படிக்கை உருவாக்கினால், அதைக் கலைக்கும் அதிகாரம் யாரிடம்? வட அயர்லாந்தில் பெண்கள் கூட்டணி போராடிப் பெற்ற குடிமக்கள் மன்றம், 2002இல் சட்டமன்றம் இடைநிறுத்தப்பட்டபோது அதோடு நின்றது. சட்டமன்றத்தைப் பெரிய கட்சிகள் பின்னர் மீட்டன. மன்றத்தை யாரும் திரும்பக் கூட்டவில்லை.